நல்ல சம்பளம், கட்டுப்படியாகாத ஊர்: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோ நகரில், திட்டமிடல் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கேட் டவுனிங் பதவி விலகினார். விலகல் கடிதத்தைப் பொதுவெளியிலும் வைத்தார். நகர மன்றத்தின் மீது அதில் விமர்சனம் இருந்தது. ஆனால் ஊரெல்லாம் பேசியது கடிதத்திலிருந்த வீட்டுக் கணக்கைத்தான்.

அவர் வழக்கறிஞர். கணவர் மென்பொருள் பொறியாளர். இருவரும் இன்னொரு தம்பதியோடு சேர்ந்து ஒரே வீட்டில் மாதம் 6,200 டாலர் வாடகைக்கு இருந்தார்கள். அதே வீட்டை விலைக்கு வாங்கினால் 27 லட்சம் டாலர். கடன் தவணை, சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 12,177 டாலர் கட்ட வேண்டும். வருடத்துக்குப் பார்த்தால் 1.46 லட்சம் டாலர். நன்றாகச் சம்பாதிக்கும் ஒருவரின் முழு வருமானம், அதுவும் வரி பிடிப்பதற்கு முன், வீட்டுக்கே போய்விடும். அறைத் தோழர்களோடு இல்லாமல் குழந்தைகளோடு வாழ வேண்டும் என்பதால், மலைகளுக்கு அந்தப்புறம் கடற்கரையில் இருக்கும் சான்டா குரூஸுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

எந்த நகர நிர்வாகத்தைக் கேட்டாலும் இப்படிப்பட்ட தம்பதிகள்தான் வேண்டும் என்று சொல்லும். படித்தவர்கள், நடுவயதை எட்டாதவர்கள், வரி கட்டுபவர்கள், ஊர் விவகாரத்துக்கு நேரம் ஒதுக்குபவர்கள். அப்படிப்பட்டவர்களே தங்க முடியாமல் கிளம்பினார்கள் என்றால், வெளியூரில் உட்கார்ந்துகொண்டு வரலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் என்ன முடிவெடுப்பார்?

இந்த ஆய்வில் நான் வைக்கும் வாதம் இது: வீடுகளின் எண்ணிக்கை கூடாத ஊரில் சம்பளத்தை எவ்வளவு உயர்த்தினாலும், அந்த உயர்வு பணியாளரின் கையில் நிற்பதில்லை, நிலம் வைத்திருப்பவரிடம் போய்ச் சேர்கிறது. அப்படி வெளியே தள்ளப்படுபவர்கள் திறமை குறைந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர்கள் செய்த ஒரே தவறு, தாமதமாக வந்தது.

இடமும் எண்ணிக்கையும்

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி என்பது ஒரே நகரம் இல்லை. ஒன்பது கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகள்), 101 நகரங்கள். 2020 கணக்கெடுப்பின்படி 77 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். வடக்கே சான் பிரான்சிஸ்கோ, தெற்கே சான் ஹொசே, இரண்டுக்கும் நடுவில் சிலிக்கான் பள்ளத்தாக்கின் சிறு நகரங்கள், கிழக்கே ஓக்லாந்து. ஒவ்வொரு நகரத்துக்கும் தனி மன்றம், தனி நிலப் பயன்பாட்டு விதி. இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சிக்கலின் வேர்களில் ஒன்று இங்கேதான் இருக்கிறது.

2010இலிருந்து எட்டு ஆண்டுகளில் இந்தப் பகுதியில் 7 லட்சத்துக்கும் மேல் வேலைகள் கூடின. அதே காலத்தில் கட்டப்பட்ட வீடுகள் சுமார் ஒரு லட்சம். ஏழு வேலைக்கு ஒரு வீடு. ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் இருந்தாலும்கூட இந்தக் கணக்கு எங்கும் சேராது.

விளைவு சில அரசு எண்களிலேயே வேடிக்கையாகத் தெரிந்தது. 2018இல் அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை வெளியிட்ட அட்டவணைப்படி, சான் பிரான்சிஸ்கோ, சான் மட்டேயோ, மரின் கவுண்டிகளில் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 1,17,400 டாலருக்குள் சம்பாதித்தால் அது ‘குறைந்த வருமானக் குடும்பம்’. ஆறு இலக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே வீட்டு உதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி வரம்புக்குள் ஒருவர் இருக்கலாம்.

இந்த நிலை எப்படி வந்தது

கடலும் மலையும் நெருக்குவதால் இடமில்லை என்று பலர் சொல்வார்கள். ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் இருக்கிற இடத்தில் எதைக் கட்டலாம் என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை. 2019இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு கணக்குப்படி, சான் ஹொசேயின் குடியிருப்பு நிலத்தில் 94 சதவீதம் தனித்தனி வீடுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்தது. பத்து லட்சம் பேர் வாழும், உலகின் தொழில்நுட்பத் தலைநகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊரில், பெரும்பாலான தெருக்களில் நான்கு குடும்பம் இருக்கும் ஒரு சின்ன அடுக்குமாடி கட்டுவதே சட்டவிரோதமாக இருந்தது.

இதற்கு அடித்தளம் 1970களில் போடப்பட்டது. 1970இல் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்டு, கட்டும் முன் சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயச் சொல்லும் மாநிலச் சட்டம் வந்தது. முதலில் அது அரசுப் பணிகளுக்கானது என்றே கருதப்பட்டது. 1972இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, அனுமதி தேவைப்படும் தனியார் கட்டுமானங்களுக்கும் அது பொருந்தும் என்றது. நோக்கம் நல்லது. ஆனால் பக்கத்துத் தெருக்காரருக்குப் பிடிக்காத ஒரு குடியிருப்பை ஆண்டுக்கணக்கில் வழக்கில் இழுத்தடிக்க அதுவே கருவியாகவும் ஆனது. அதே 1972இல் பெட்டலூமா நகரம் ஆண்டுக்கு சுமார் 500 வீடுகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை என்று வரம்பு போட்டது. கட்டுமான நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1975இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. அப்புறம் என்ன, மற்ற ஊர்களும் அதே வழியைப் பிடித்துக்கொண்டன.

எல்லாவற்றிலும் ஆழமாகப் போனது 1978 ஜூனில் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு. சொத்து வரியை அது மதிப்பில் 1 சதவீதம் என்று நிறுத்தியது. அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் மட்டுமே புதிய சந்தை விலைக்கு வரி போடப்படும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1980இல் ஒருவர் ஒரு லட்சம் டாலருக்கு வீடு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். நாற்பது ஆண்டுகள் தவறாமல் 2 சதவீதம் ஏறினாலும் 2020இல் அதன் வரி மதிப்பு சுமார் 2.2 லட்சம்தான். அவர் கட்டுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,200 டாலர். பக்கத்தில் அதே அளவு, அதே வயது வீடு. அதை 2020இல் 20 லட்சத்துக்கு வாங்கிக் குடிவந்த இளம் தம்பதிக்கு 20,000 டாலர். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், ஒரே தீயணைப்பு நிலையம். புதிதாக வந்தவர் ஒன்பது மடங்கு கட்டுகிறார்.

இதில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. பழைய உரிமையாளர் பிள்ளைகள் போன பிறகும் நான்கு படுக்கையறை வீட்டை விட்டு நகர மாட்டார், நகர்ந்தால் வரிச் சலுகை போய்விடும் என்ற பயம் (55 வயது கடந்தவர்கள் அதை மாநிலத்துக்குள் வேறு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வழி 2021இல்தான் விரிவானது). இரண்டாவது, நகர மன்றங்களுக்கு வீடுகள் மீது ஆசையே இல்லாமல் போகிறது. வீடு வந்தால் பள்ளி, சாலை, குழாய் எல்லாவற்றுக்கும் செலவு, வரியோ கொஞ்சம். கடை வந்தால் விற்பனை வரியில் பங்கு உண்டு. அலுவலகம் வந்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தொல்லை இல்லை. ஆகவே 101 ஊர்களும் அலுவலகத்தைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, அங்கே வேலை செய்பவர்கள் அடுத்த ஊரில் தங்கட்டும் என்று நினைத்தன. அடுத்த ஊரும் அதையே நினைத்தது.

குபெர்டினோவைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். 2017இல் அங்கே 12,000 பேருக்கான ஆப்பிளின் வட்ட வடிவத் தலைமையகம் திறந்தது. கூடவே சுமார் 11,000 கார்கள் நிறுத்த இடம். கார்களுக்கு இடம் கிடைத்த ஊரில், மூடிக் கிடந்த வால்கோ வணிக வளாகத்தை இடித்து 2,402 வீடுகள் கட்டலாம் என்று 2018இல் வந்த திட்டம் எதிர்ப்பிலும் வழக்கிலும் சிக்கி ஆண்டுக்கணக்கில் வெறும் நிலமாகவே நின்றது.

வாடகைக்கு இருப்பவர்கள் விஷயத்திலும் இதே ‘முன்னால் வந்தவர், பின்னால் வந்தவர்’ பிளவு உண்டு. சான் பிரான்சிஸ்கோ 1979 முதல் வாடகைக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. 1994இல் 1980க்கு முன் கட்டப்பட்ட சிறிய கட்டடங்களுக்கும் அதை நீட்டினார்கள். ரெபேக்கா டயமண்டும் சக ஸ்டான்போர்டு பொருளாதார ஆய்வாளர்களும் அந்த மாற்றத்தின் விளைவை விரிவாகப் பின்தொடர்ந்தார்கள். கட்டுப்பாடு கிடைத்த வாடகைதாரர்கள் இருந்த இடத்திலேயே தங்குவது அதிகரித்தது, அவர்களுக்கு அது உண்மையான பாதுகாப்பு. ஆனால் உரிமையாளர்கள் பலர் வீடுகளை விற்பனைக்கு மாற்றி, அந்தக் கட்டடங்களில் வாடகை வீடுகளை 15 சதவீதம் குறைத்துவிட்டார்கள். நகரம் முழுவதும் வாடகை சுமார் 5 சதவீதம் ஏறியது. உள்ளே இருந்தவருக்குக் கிடைத்த பாதுகாப்புக்கு, பின்னால் வரப்போகிறவர் பணம் கட்டினார்.

வேலை வேண்டாம் என்பவரின் கணக்கு

இப்போது வெளியூரில் இருக்கும் பொறியாளரிடம் வருவோம். இது நான் போடும் மாதிரிக் கணக்கு, ஆனால் எண்கள் நடப்பை ஒட்டியவை. அவருக்கு வயது 35, டெக்சாஸில் இருக்கிறார், ஒரு குழந்தை. சம்பளம் 1.1 லட்சம் டாலர், வீட்டுக்கு மாதம் 1,600 போகிறது. சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்து 1.6 லட்சத்துக்கு ஆஃபர் வருகிறது. ஐம்பதாயிரம் கூடுதல்! பேப்பரில் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம்.

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, கலிபோர்னியாவில் உண்டு. அதுவும் கூடுதல் ஐம்பதாயிரத்துக்கு மட்டும் இல்லை, மொத்தச் சம்பளத்துக்கும். மத்திய வரியும் கூடும். எல்லாம் போகக் கையில் கூடுதலாக நிற்பது 25,000 டாலரை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 3,900 கொடுத்தால், இப்போது கட்டுவதைவிட மாதம் 2,300 அதிகம். வருடத்துக்கு 27,600. முடிந்தது கதை. குழந்தைக் காப்பகக் கட்டணத்தை இன்னும் தொடவே இல்லை. மனைவி தன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமா என்பதையும் பேசவில்லை.

சரி, கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வீடு வாங்கலாம் என்றால், 15 லட்சம் டாலர் வீட்டுக்கு 20 சதவீத முன்பணமே 3 லட்சம். வாடகை கொடுத்துக்கொண்டே அதைச் சேர்ப்பதற்குள் விலை இன்னும் ஏறியிருக்கும். 2022க்குப் பிறகு இன்னொரு பூட்டும் விழுந்தது. 2020, 2021இல் 3 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன் எடுத்தவர்கள், புதிய கடன் வட்டி 7 சதவீதத்தைத் தொட்டதும் இருந்த வீட்டை விட்டு நகர மறுத்தார்கள். சம்பளம் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அந்த 3 சதவீதத்தை எந்த நிறுவனமும் திருப்பித் தர முடியாது.

இந்தக் கணக்கில் வயதுதான் முக்கியம் என்பது என் கருத்து. 23 வயதுக்காரர் வருவார். ஒரு வீட்டில் ஐந்து பேரோடு ஓர் அறையில் படுத்துக்கொள்வார், அது அவருக்குச் சாகசம்கூட. 1990இல் வீடு வாங்கிய 60 வயதுக்காரர் அசைய மாட்டார். நடுவில் இருப்பவர்கள், அதாவது பத்துப் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர்கள், புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கூடியவர்கள், முதல் குழந்தை பிறந்தவுடன் கிளம்புகிறார்கள், அல்லது வரவே மாட்டேன் என்கிறார்கள். நிறுவனத்துக்கு இழப்பு அங்கேதான். கூடுதலாக ஒரு தொல்லை, வராதவர்களை யாரும் எண்ணுவதில்லை. போனவர் முகவரி மாற்றும்போது கணக்கில் வருவார். ஆஃபரை மறுத்தவரைப் பற்றி மனிதவளத் துறையின் கோப்பில் ‘சொந்தக் காரணங்கள்’ என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான்.

எல்லாத் திறன்களும் ஒரே நிறையில் இல்லை

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டு விலை ஏறினால் திறமைசாலிகள் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்று பொதுவாகச் சொல்வது தவறு. பீட்டர் கனாங், டேனியல் ஷோக் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் ஒப்பீடு வரும். 1960இல் அமெரிக்காவின் தென்கோடி மாநிலங்களிலிருந்து நியூயார்க் பகுதிக்குக் குடிபெயர்ந்தால், வீட்டுச் செலவைக் கழித்த பிறகும் வழக்கறிஞருக்கும் லாபம், துப்புரவுப் பணியாளருக்கும் லாபம். 2010இல் வழக்கறிஞருக்கு இன்னும் லாபம்தான். துப்புரவுப் பணியாளருக்கோ வீட்டுச் செலவு போகக் கையில் இருப்பது தென்மாநிலத்தில் இருப்பதைவிடக் குறைவு.

ஆகவே உச்சிச் சம்பளக்காரர்கள் கடைசிவரை வந்துகொண்டேதான் இருப்பார்கள். முதலில் வெட்டப்படுபவர்கள் கீழ்மட்டத்தில் இருப்பவர்கள். அதற்கு அடுத்த அடி, நீண்ட படிப்பும் உரிமமும் தேவைப்படும் ஆனால் சம்பளம் சந்தையோடு ஏறாத தொழில்களுக்கு விழுகிறது: ஆசிரியர், செவிலியர், ஆய்வகத் தொழில்நுட்பர், கட்டடப் பொறியாளர், மின்பணியாளர். திறன் பற்றாக்குறை என்று பேசும்போது நம் கண்முன் மடிக்கணினியோடு ஒருவர் வருகிறார். ஊசி போடுகிறவரும் கணக்குப் பாடம் எடுக்கிறவரும் வருவதில்லை.

இந்தப் பகுதியில் செவிலியர்கள் சிலர் 12 மணி நேர ஷிப்டுகளை வாரத்தில் மூன்று நாளுக்குள் அடுக்கிக்கொண்டு, தூரத்து ஊரிலிருந்து வந்து போகிறார்கள். தீயணைப்பு வீரர்களும் அப்படித்தான், நகரத்துக்குள் குடியிருப்பவர்கள் குறைவு. நிலநடுக்கப் பிளவின் மேல் உட்கார்ந்திருக்கும் ஊர் இது. பாலங்கள் மூடப்பட்டால் இவர்கள் எப்படி வந்து சேர்வார்கள் என்ற கேள்வியை நகர நிர்வாகங்கள் இன்னும் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

டேலி சிட்டியின் 122 வீடுகள்

ஆசிரியர்கள் கதையில் ஒரு திருப்பம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் தெற்கு எல்லையை ஒட்டிய டேலி சிட்டியில் ஜெபர்சன் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இருக்கிறது. சுற்றியுள்ள பணக்கார மாவட்டங்கள் அளவுக்கு அதனால் சம்பளம் கொடுக்க முடியாது. ஆண்டுதோறும் பணியாளர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளியில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நான்காண்டு உயர்நிலைப் படிப்பை ஒரு மாணவர் முடிப்பதற்குள் முதல் ஆண்டில் பார்த்த முகங்களில் பாதிக்கும் மேல் இருக்காது. பரிந்துரைக் கடிதம் கேட்கப் போனால் தெரிந்த ஆசிரியர் இல்லை. புதிதாகச் சேர்ந்தவருக்குப் பயிற்சி கொடுத்து முடிக்கும்போது அவர் கிளம்பும் நாள் வந்துவிடும்.

சம்பளத்தை உயர்த்தலாம்தான். ஆனால் ஒரு பள்ளி மாவட்டம் எவ்வளவு உயர்த்தினாலும், பக்கத்தில் இருக்கும் மென்பொருள் நிறுவனத்தோடு வாடகைச் சந்தையில் போட்டி போட முடியாது. அதனால் மாவட்டம் வேறு வழியில் போனது. அதனிடம் செர்ரமான்டே பகுதியில் சொந்த நிலம் இருந்தது. 2018இல் வாக்காளர்களிடம் 3.3 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் வாங்கியது. 2022இல் 122 வீடுகள் கொண்ட அடுக்குமாடி திறந்தது. சந்தையைவிடக் குறைந்த வாடகை. ஆசிரியர்களுக்கு மட்டுமில்லாமல் அலுவலக, பராமரிப்புப் பணியாளர்களுக்கும். அதன் பிறகு ஆசிரியர் காலியிடமே இல்லாமல் பள்ளி ஆண்டைத் தொடங்க முடிந்தது என்று செய்திகள் வந்தன.

இது முதல் முயற்சி இல்லை. சான்டா கிளாரா பள்ளி மாவட்டம் 2002லேயே நாற்பது வீடுகள் கட்டி, பின்னர் எழுபதாக விரித்தது. இரண்டிலும் வெற்றிக்குக் காரணம் ஒன்றே, நிலத்துக்குக் காசு கொடுக்கவில்லை. வளைகுடாப் பகுதியில் நிலத்தின் விலையைக் கழித்துவிட்டால் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

எனக்கு இதில் ஒரு தயக்கமும் உண்டு. வேலை கொடுப்பவரே வீட்டுக்காரராகவும் இருந்தால், மேலதிகாரியோடு சண்டை வந்த அன்றே கூரையைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். பழைய சுரங்க நகரங்களில் இது எப்படி முடிந்தது என்பது தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும். நெருக்கடிக்கு இது மருந்தாக இருக்கலாம், ஆனால் எல்லா முதலாளியும் கட்டடம் கட்டத் தொடங்குவது ஆரோக்கியமான ஊருக்கு அடையாளம் இல்லை.

நிறுவனங்கள் செய்து பார்த்தவை

தொழில்நுட்ப நிறுவனங்களின் முதல் பதில் பேருந்து. பணியாளர் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கட்டும், நாங்கள் அழைத்துவருகிறோம் என்றார்கள். பேருந்து நிறுத்தங்களைச் சுற்றி வாடகை ஏறியது என்று நகரவாசிகள் கோபப்பட்டார்கள், 2013 இறுதியில் பேருந்துகளை மறித்துப் போராட்டம் நடந்தது. அடுத்து 2015இல் பேஸ்புக், மென்லோ பார்க் அலுவலகத்துக்குப் பத்து மைலுக்குள் குடிவருபவர்களுக்கு 10,000 டாலரும் அதற்கு மேலும் கொடுக்க முன்வந்தது. அலுவலகத்தைச் சுற்றி இருக்கும் வீடுகளோ அதே வீடுகள்தான். ஒருவருக்குப் பத்தாயிரம் கொடுத்தால் அவர் இன்னொருவரைவிடக் கூடுதலாக ஏலம் கேட்பார். வெளியே போனவர் பெரும்பாலும் பக்கத்து ஊர் கிழக்கு பாலோ ஆல்டோவின் பழைய குடும்பம்.

பத்து நாற்காலிக்குப் பதினைந்து பேர் சுற்றும் விளையாட்டில் சிலருக்கு வேகமான செருப்பு வாங்கிக் கொடுப்பது போலத்தான் அது. நாற்காலி எண்ணிக்கை அப்படியே இருக்கிறது.

2019இல் தொகை பெரிதானது. ஜூனில் கூகுள் 100 கோடி டாலர், அக்டோபரில் பேஸ்புக் 100 கோடி, நவம்பரில் ஆப்பிள் 250 கோடி என்று வீட்டுவசதிக்கு அறிவித்தன. கூகுளின் தொகையில் 75 கோடி, அது ஏற்கெனவே வைத்திருந்த அலுவலக நிலத்தைக் குடியிருப்புக்கு மாற்றுவது. இந்த முறை திசை சரி, பணியாளருக்குப் பணம் என்பதிலிருந்து வீட்டுக்குப் பணம் என்று மாறினார்கள். ஆனால் நிலமும் பணமும் இருந்தாலும் கட்ட அனுமதி கொடுப்பது நகர மன்றம்தான்.

அடுத்த ஆண்டே பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. வீட்டிலிருந்தே வேலை என்றதும், யாரெல்லாம் வீட்டுச் செலவைச் சகித்துக்கொண்டு மட்டுமே இருந்தார்கள் என்பது வெளியே தெரிந்தது. 2020 ஜூலையிலிருந்து ஓராண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் மக்கள்தொகை 6 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. சிறிய வீடுகளுக்குக் கேட்கும் வாடகை ஓராண்டுக்குள் 20 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 2020 மே மாதம் மார்க் ஸக்கர்பெர்க், வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்த ஊருக்கேற்பச் சம்பளம் மாற்றப்படும் என்றார். பலர் அதை அநியாயம் என்றார்கள். எனக்கு அது ஓர் ஒப்புதல் வாக்குமூலமாகவே பட்டது. சம்பளத்தில் ஒரு பங்கு திறமைக்கு, இன்னொரு பங்கு வீட்டுக்காரருக்கு என்று நிறுவனமே சொல்லிவிட்டது.

2021 அக்டோபரில் டெஸ்லாவின் தலைமையகத்தை டெக்சாஸின் ஆஸ்டினுக்கு மாற்றுவதாக எலான் மஸ்க் அறிவித்தபோது, வளைகுடாப் பகுதியில் மக்களுக்கு வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, வெகுதூரத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது என்பதையும் காரணமாகச் சொன்னார். வரி, ஒழுங்குமுறை, அரசியல் என்று வேறு காரணங்களும் அவருக்கு இருந்தன. ஆனாலும் தொழிற்சாலைக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் சொன்ன அந்த ஒரு காரணத்தை எளிதில் மறுக்க முடியாது.

36 சதவீதம் என்ற எண்

இந்த விவாதத்தில் ஓர் எண் அடிக்கடி வரும். சாங்-டாய் ஷே, என்ரிகோ மொரெட்டி இருவரும் 2019இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க், சான் ஹொசே, சான் பிரான்சிஸ்கோ போன்ற ஊர்களின் கட்டுமானக் கெடுபிடிகள் 1964 முதல் 2009 வரை அமெரிக்கப் பொருளாதார வளர்ச்சியை 36 சதவீதம் குறைத்துவிட்டன என்றது. மேடையில் சொல்லக் கவர்ச்சியான எண். பின்னர் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தவர்கள் அதில் பிழை இருப்பதாகச் சுட்டிக்காட்டினார்கள், அந்த அளவு இன்று சர்ச்சைக்குரியது. கெடுபிடி திறமையானவர்களை உற்பத்தி மிகுந்த ஊரிலிருந்து தள்ளி வைக்கிறது என்ற அடிப்படைத் தர்க்கம் சரியானது. 36 என்பதைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை.

ஆஸ்டின்

டெஸ்லா போன ஆஸ்டினில் 2020, 2021இல் வந்து குவிந்தவர்களால் வீட்டு விலையும் வாடகையும் தாறுமாறாக ஏறின. அங்கேயும் கலிபோர்னியாக்காரர்கள் மீது உள்ளூர்க்காரர்களுக்குக் கோபம். வித்தியாசம் அதற்குப் பிறகுதான். அந்த மாநகரப் பகுதி அமெரிக்காவிலேயே மக்கள்தொகைக்கு ஏற்ப மிக அதிகமாகக் கட்டிய இடங்களில் ஒன்றாக ஆனது. அந்தக் கட்டடங்கள் முடிந்து திறக்கத் தொடங்கியதும் வாடகை இறங்கியது. 2022 உச்சத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விழுந்தது. ஆள் வருவது நிற்கவில்லை, வீடு முந்திக்கொண்டது.

ஆஸ்டினை அப்படியே நகல் எடுக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாலாபுறமும் நிலம் விரிந்து கிடக்கும் ஊர் அது. சொத்து வரி அங்கே கூடுதல், அதனால் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு விலை ஏறக் காத்திருப்பது கட்டுப்படியாகாது. கோடை வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சட்டம் மாறிய பிறகு

கலிபோர்னியாவும் சும்மா இருக்கவில்லை. 2017இலிருந்து மாநில அரசு நகர மன்றங்களின் கையிலிருந்து அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி வருகிறது. 2021இல் தனி வீட்டு மனையைப் பிரித்து நான்கு வீடுகள்வரை கட்ட வழி செய்யும் சட்டம் வந்தது. ரயில், பேருந்து நிலையங்களைச் சுற்றி உயரக் கட்டலாம் என்று செனட்டர் ஸ்காட் வீனர் 2018இல் கொண்டுவந்த மசோதா தோற்றது, அடுத்ததும் 2020 ஜனவரியில் தோற்றது. அதே எண்ணத்தின் இன்னொரு வடிவம் 2025 அக்டோபரில்தான் ஆளுநர் கவின் நியூசமின் கையெழுத்தைப் பெற்றது. அதே ஆண்டு ஜூனில், நகரத்துக்குள் கட்டும் பெரும்பாலான குடியிருப்புகளுக்கு 1970 சுற்றுச்சூழல் சட்டத்திலிருந்து விலக்கும் கிடைத்தது.

காகிதத்தில் இவ்வளவும் ஆகிவிட்டது. 2023 முதல் 2031க்குள் சான் பிரான்சிஸ்கோ நகரம் மட்டும் 82,069 வீடுகளுக்கு வழி செய்ய வேண்டும் என்பது மாநிலத்தின் இலக்கு. ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். ஆரம்ப ஆண்டுகளில் நகரம் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. இதற்கிடையே செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பணத்தைக் கொட்ட, 2025இல் வாடகை மறுபடி வேகமாக ஏறத் தொடங்கியது. அந்த நிறுவனங்களின் ஆய்வாளர்களுக்கு வாடகை ஒரு பொருட்டே இல்லை, வருவார்கள். அவர்கள் குழந்தைக்குப் பாடம் நடத்துகிறவர்தான் திரும்பவும் வரைபடத்தை விரித்துத் தூரத்து ஊர்களைப் பார்க்கிறார்.

அனுமதி கிடைத்தாலும் ஏன் கட்டவில்லை? வட்டி ஏறியது, பொருள் விலை ஏறியது. இவற்றோடு கட்டுவதற்கு ஆள் இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. தச்சர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர் எல்லாரும் வீட்டு விலையால் வெளியேற்றப்பட்ட தொழில்காரர்கள்தான். பலர் மத்தியப் பள்ளத்தாக்கின் ஸ்டாக்டன், ட்ரேசி பக்கமிருந்து மலைக் கணவாயைத் தாண்டி விடியும் முன்பே வண்டி எடுத்து வருகிறார்கள். வீட்டுப் பற்றாக்குறை அவர்கள் கூலியை ஏற்றுகிறது, கூலி கட்டுமானச் செலவை ஏற்றுகிறது, செலவு ஏறினால் வீடு கட்டப்படாமல் போகிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க நடந்த முயற்சிகளில் நம்பிக்கை தருவது தொழிற்சாலையில் வீடு கட்டுவது. வலெஹோவில் பழைய கடற்படைக் கப்பல் தளத்தில் ஒரு தொழிற்சாலை, குடியிருப்பு அலகுகளைப் பெட்டி பெட்டியாகத் தயாரித்தது. சான் பிரான்சிஸ்கோவின் பிரையன்ட் தெருவில் வீடற்றவர்களுக்காக 2021இல் முடிந்த தஹானன் என்ற 145 வீட்டுக் கட்டடம் அப்படி வந்த பெட்டிகளை அடுக்கிக் கட்டியது. மூன்று ஆண்டுகளில் முடிந்தது. ஒரு வீட்டுக்கு 4 லட்சம் டாலருக்கும் குறைவாகவே ஆனது, அந்த ஊரில் அது மலிவு. நகரத்தின் கட்டுமானத் தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்தன. தங்கள் உறுப்பினர்களின் வேலை வெளியூர்த் தொழிற்சாலைக்குப் போகிறது என்பது அவர்கள் வாதம். அந்த உறுப்பினர்களில் எத்தனை பேருக்கு நகரத்துக்குள் வீடு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் அந்தப் பேச்சுவார்த்தை எங்காவது போகும்.